ஊருக்கு அழுதவள்

சாயங்காலம் ஐந்தரை ஆனால் பேச்சியம்மாள் இடுப்பில் வெறுங்குடத்தோடு வள்ளித்தாய் வீட்டு நிலைப்படியில் வந்து நிற்பாள். தெருக்குழாயில் தண்ணீர் வருவது ஒருநாள் விட்டு ஒருநாள், அதுவும் காலையில்தான் என்பது எம். புதுப்பட்டி முழுக்கத் தெரியும். "தண்ணி வந்துருச்சா வள்ளி?" என்று கேட்கும்போதே அவள் கண் டிவிக்குப் போய்விடும். "உள்ள வந்து உக்காருங்க மதினி" என்றால், "இருக்கட்டும், இங்கன காத்து வருது" என்பாள். அரைமணி நேரத்துக்குக் குடம் இடுப்பைவிட்டு இறங்காது.

டிவியில் ஓடுவது பிள்ளைகள் பார்க்கிற பொம்மைப் படம். ஜப்பான்காரர்கள் வரைந்தது, தமிழில் பேசும். வள்ளித்தாயின் மகள் வேல்விழி, ஆறாம் வகுப்பு, ஒருநாள் விடமாட்டாள். கடற்கரை ஊரில் ஒரு பையன். அவனுக்குப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுத்த அக்கா படகில் போனவள் திரும்பவில்லை. அன்றிலிருந்து குழலை வாயில் வைத்தால் வெறுங்காற்றுத்தான் வருகிறது. முகத்தில் பாதி கண்ணாகவே இருக்கும் அவனுக்குப் பேச்சியம்மாள் வைத்த பெயர் முட்டக்கண்ணன். "அக்கா, நீ எங்கே சென்றாய்?" என்று அவன் கேட்டால், "தாலுகா ஆபீஸ்ல பேசுற மாதிரில்ல பேசுறான்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிக்கமாட்டாள்.

வயது நாற்பத்தாறு. கணவர் முன்பே போய்ச் சேர்ந்தவர். சரவெடி பின்னுவது தொழில். நூலைக் கத்தரியால் வெட்டமாட்டாள், பல்லால் கடித்துத்தான் அறுப்பாள். பின்னும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால், "வாயப் பின்னாத, வெடியப் பின்னு" என்று ஒரு வெட்டு. அவ்வளவு சிக்கனமாகப் பேசுகிறவள் சாவு வீட்டில் வேறு ஆள். காரியாபட்டிப் பக்கமிருந்தெல்லாம் தேடி வந்து கூட்டிப்போவார்கள். செத்தவரின் பெயரும் தொழிலும் தெரிந்தால் போதும். அவள் ஒப்பாரியை எடுத்தாளென்றால், பேச்சுவார்த்தை இல்லாமல் தள்ளி நின்ற பங்காளியும் துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொள்வான்.

2008 ஆவணியில், அவள் மகள் மாரிசெல்வி வேலைக்குப் போன பட்டாசுக் கம்பெனியில் பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து வெடித்தது. பத்தொன்பது வயது. துணி சுற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து, பேச்சியம்மாள் எடுத்துக் கொடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். அழுகையும் வரவில்லை, பாட்டும் வரவில்லை. வந்தவர்களுக்குத் தண்ணீர் வைத்தாயிற்றா என்று யாரிடமோ கேட்டாள். "ஊருக்கெல்லாம் அழுதவ, பெத்த மகளுக்கு ஒரு வரி இல்லையே" என்றாள் எதிர்வீட்டு மூக்கம்மாள். காதில் விழவேண்டும் என்றுதான் சொன்னாள்.

அதற்குப் பிறகு பேச்சியம்மாள் தலைகுனிந்தே நடந்தாள். வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டாள். சாவுக்குக் கூப்பிட்டால், "தொண்ட கட்டிக்கிச்சு" என்று கதவைச் சாத்திவிடுவாள். அரசாங்கம் கொடுத்த கலர் டிவி அவள் வீட்டிலும் இருந்தது. மகள் போன பின்பு போடவில்லை. துக்க வீட்டில் டிவி சத்தம் கேட்டால் என்ன பேசுவார்கள் என்ற வெட்கம். அடுத்த வீட்டு வாசலில் வெறுங்குடத்தோடு நிற்பது அதைவிட வெட்கம்தான். ஆனாலும் முட்டக்கண்ணனுக்கு இன்றைக்காவது ஊத வருமா என்று பார்க்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அவனுக்கு ஊத வந்தது. கடலைப் பார்த்து நின்று பையன் குழலை வாயில் வைத்தான். முதலில் காற்று. பிறகு தட்டுத்தடுமாறி ஒரு ராகம். பாதியில் அறுந்து, மறுபடியும் பிடித்துக்கொண்டது. வேல்விழி கைதட்டினாள். நிலைப்படியில் குடம் உருண்டது. பேச்சியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"தலவலின்னு சொன்ன புள்ளயத்
தட்டி எழுப்பி அனுப்புனனே
சரம் பின்னப் போன மகளே – ஒஞ்
சட பின்ன வரலையே..."

விளக்கு வைக்கிற நேரத்தில், அடுத்தவள் வீட்டு வாசலில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. குரல் நிற்கவில்லை. வள்ளித்தாயும் தடுக்கவில்லை. அந்தக் காலையில் மாரிசெல்வி தலைவலி என்று சுருண்டு படுத்திருந்ததும், "சீசன் நேரம், ஆர்டர் நிக்கிது, எந்திரி" என்று போர்வையை இழுத்துக் கம்பெனி வேனில் ஏற்றிவிட்டது இவள்தான் என்பதும் அதுவரை ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் முதலில் அதுதான் வரும் என்று பயந்தே அன்றைக்கு அவள் வாய் பூட்டிக்கொண்டது.

சாவு விழுந்துவிட்டது என்று தெருவே ஓடி வந்தது. முன்னால் மூக்கம்மாள். "அடியே வள்ளி, யாருக்கு என்னாச்சு?" உள்ளே டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வேல்விழி மிரண்டுபோய், "படத்துல அந்தப் பையனோட அக்கா செத்துப்போச்சு. அதான் அத்தை அழுகுறாக" என்றாள். பின்னால் நின்ற ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பேச்சியம்மாள் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பெற்ற மகளுக்கு வராத பாட்டு பொம்மைக்கு வந்துவிட்டதாம் என்று நாளைக்கு வேனில் பேசுவார்கள். காதுவரை எரிந்தது.

"பொம்மைக்கு அழுகல" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து. "எம்மகளுக்குத்தான். அவ போகமாட்டேன்னா. நான்தான் அனுப்பிவச்சேன்."

சிரிப்பு நின்றது. மூக்கம்மாள் நிலைப்படிக்கு வந்தாள். "அன்னைக்கு அதே வேன்ல எம்மகளையும் நான்தான ஏத்திவிட்டேன்" என்றாள். "அவ வந்துட்டா. அம்புட்டுத்தான் வித்தியாசம்." சொல்லிவிட்டுச் சேலையை ஒதுக்கித் தரையில் உட்காரப் போனாள். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிட்டே வந்தார்கள்.

பேச்சியம்மாள் முகத்திலிருந்து முந்தானையை எடுக்கவில்லை. கையை மட்டும் வெளியே நீட்டி, வாசலோரம் கிடந்த செருப்புகளைத் தடவித் தடவி ஒதுக்கி, அவர்கள் உட்கார இடம் பண்ணினாள்.