நிலம் அதிர்ந்த நாளில் ஒரு காது கேளாதோர் வகுப்பு: கோலார் தங்கவயல் பயணம்

கோலார் தங்கவயலுக்கு எப்படிப் போவது, அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று இந்த வலைப்பூவின் வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். நான் அங்கே போனது ஒரே ஒரு முறை. அதுவும் அறுபதுகளின் கடைசியில். தங்கத்தைப் பார்க்கப் போகவில்லை. ஒரு பெண்மணி வேலை செய்வதைப் பார்க்கப் போனேன்.

அப்போது குடியாத்தத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். காது கேளாத பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு தொடங்க நிர்வாகம் சம்மதித்திருந்தது. மெட்ராஸில் அதற்கான பயிற்சியை முடித்துவிட்டு வந்திருந்தேன். கண்ணாடி முன்னால் உட்கார வைத்து உதட்டசைவைக் கற்றுக்கொடுக்கத் தெரியும். ஆனால் ஒரு வகுப்பை வருஷக்கணக்கில் நடத்துவது எப்படி என்று தெரியாது. ஆசிரியர் விட்டுப்போனால் யாரைக் கொண்டுவருவது? இந்தக் கேள்விக்கு என் பயிற்சியில் பதில் இல்லை. என்னோடு படித்த தோழிதான் சொன்னாள்: "கோலார்ல யசோதரான்னு ஒரு அம்மா இருக்காங்க. கண் தெரியாத புள்ளைங்க, காது கேக்காத புள்ளைங்க, மெதுவா படிக்கிற புள்ளைங்க, எல்லாருக்கும் வகுப்பு நடத்துறாங்க. நாலு பள்ளிக்கூடம் அவங்க பொறுப்புல இருக்கு. போய்ப் பாரு."

ஜனவரிக் குளிரில் கிளம்பினேன். குடியாத்தத்தில் காலை பாசஞ்சர் ஏறினால் ஜோலார்பேட்டை வழியாக பங்காருபேட்டை. அங்கே இறங்கி, தங்கவயலுக்குப் போகும் கிளை வண்டிக்கு மாற வேண்டும். தூரம் பத்து மைல்தான், ஆனால் வண்டி அவசரப்படாது. ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் நெருங்கும்போது ஜன்னலுக்கு வெளியே, உச்சி சமமாக வெட்டப்பட்ட வெளிர் மஞ்சள் மலைகள் வந்தன. ஒரு செடிகூட இல்லாத மலைகள். வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, எதிரே இருந்தவர் சிரித்தார்.

"அது மலை இல்லம்மா. தங்கம் எடுத்த அப்பால மிஞ்சின மண்ணு. சயனைட் மேடுன்னு சொல்லுவோம். எங்க தாத்தா காலத்துல இருந்து கொட்டிக்கினே கீறாங்க."

மூன்று தலைமுறை ஆட்கள் பூமிக்குள்ளிருந்து தூக்கிவந்த மண் அது. அதன் பக்கத்தில் ரயில் ஒரு பொம்மை மாதிரி ஊர்ந்தது.

ஸ்டேஷனிலிருந்து ஸ்கெலட்டன் என்ற குடியிருப்புக்கு ஜட்கா வண்டி. வண்டிக்காரர் எட்டணா கேட்டார், கொடுத்தேன். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் முடிகிற இடத்தில், ஓடு வேய்ந்த பள்ளிக்கூடம். வாசலில் குடையோடும் கான்வாஸ் ஷூவோடும் ஒருவர் நின்றிருந்தார். அவர்தான் யசோதரா. நாற்பத்தைந்து வயது இருக்கும். அப்பா சுரங்கத்தில் வேலை செய்தவர். புத்தரைக் கும்பிடுகிற குடும்பம்.

"வாங்க டீச்சர். சாப்டீங்களா? சாப்ட்டதும் நடக்கணும். செருப்பு நல்லா கீதா?"

அன்று மதியம் முழுக்க நடந்தோம். நந்திதுர்க் சுரங்கத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் பார்வையில்லாத பிள்ளைகள் புளியங்கொட்டைகளை வைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பள்ளியில், மற்ற வகுப்புகளில் பின்தங்கிப்போன பிள்ளைகளுக்குக் கடை வைத்து விளையாட்டு. எங்கே போனாலும் ஒன்று கண்ணில் பட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பயிற்சி பெற்றவர், மற்றவர் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்பவர்.

"படிச்சு முடிச்சவங்களை பெங்களூர்ல இருந்து கூப்ட்டு வந்து பாத்தேன்" என்றார் யசோதரா. "ஆறு மாசம் இருப்பாங்க, அப்பால போயிடுவாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. இங்க வாடகைக்கு வீடு கிடைக்காது, தண்ணி கஷ்டம். அதனால உள்ளூர்ல, சுத்துப்பட்டு ஊர்ல, பள்ளி இறுதி முடிச்ச பொண்ணுங்களா பாத்து எடுத்தேன். ஒரு வருஷம் கூடவே உக்காந்து கத்துக்கணும். அப்பால ஒவ்வொருத்தரா பயிற்சிக்கு அனுப்புவேன். ஒருத்தி போனா இன்னொருத்தி வகுப்பைப் பாத்துக்குவா."

"எப்போதும் இரண்டு பேர் வேண்டுமா?" என்று கேட்டேன்.

யசோதரா நடந்தபடியே காரணத்தைச் சொன்னார். சில வருஷங்களுக்கு முன், பூமிக்கு அடியில் பாறை வெடித்து ஊரே ஆடியது. அப்போது காது கேளாதோர் வகுப்பில் ஆசிரியை ஒருத்திதான். அவளுடைய தம்பி சுரங்கத்துக்குள் இருந்தான். அவள் ஓடிவிட்டாள். பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று சொல்ல ஆள் இல்லை. ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒரு சிறுமியைப் பொழுது சாயும் நேரத்தில் சயனைட் மேட்டின் அடியில் கண்டுபிடித்தார்கள்.

"மத்த புள்ளைங்களுக்கு ஒரு சத்தம் போட்டா போதும். இதுங்களுக்கு யாராச்சும் முகத்துக்கு எதிர்ல நின்னு சொல்லணும். அன்னைக்கு முடிவு பண்ணேன்."

மறுநாள் அந்த ஏற்பாட்டுக்கே ஆபத்து வரவிருந்தது. கல்வித் துறை அதிகாரி ஒருவர் வருகிறார், இரண்டாவது ஆட்களையெல்லாம் எடுத்துப் பெரிய வகுப்புகளுக்குப் போடப்போகிறார் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியது. நடையின் வேகம் மட்டும் குறையவில்லை.

காலையில் ஸ்கெலட்டன் பள்ளியின் காது கேளாதோர் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். ஒன்பது பிள்ளைகள். கல் தரையில் அரைவட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியை தனலட்சுமி. கணவர் சுரங்கத்தில் வேலை, அன்று காலை ஷிப்டில் உள்ளே இருந்தார். இரண்டாவது ஆள் கிரிஜா, பூதிகோட்டை விவசாயக் குடும்பத்துப் பெண், வந்து நாலு மாதம்தான். தனலட்சுமி ஊதிய பலூனை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, அதன் மறுபக்கம் வாயை வைத்துப் பேசினார். பலூன் அதிர்வதைக் கன்னத்தில் வாங்கி, அந்த அதிர்வைத் தன் தொண்டையில் கொண்டுவரப் பார்த்தார்கள் பிள்ளைகள். பவுனம்மா என்ற எட்டு வயதுச் சிறுமி "மா... மா" என்று சொல்லிவிட்டு, சரியா என்று கண்ணாலேயே கேட்டாள்.

எனக்குப் பயிற்சியில் கை ஜாடையே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இங்கே கையும் பேசியது, வாயும் பேசியது. காரணம் கேட்டேன். "இவங்க அப்பாங்க உள்ள பாறையில துளை போடுறவங்க. அந்த மிஷின் சத்தத்துல யாருக்கும் காது கேக்காது, கையாலதான் பேசிக்குவாங்க. வீட்லயும் அதே பேச்சு. நான் இன்னாத்துக்கு நிறுத்தணும்?" என்றார் தனலட்சுமி.

அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து அறையைக் காட்டிக் கேட்டார்: "அங்கே ஐம்பது பிள்ளைகளுக்கு ஒருவர். இங்கே ஒன்பது பேருக்கு இருவர். அந்தப் பெற்றோருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" யசோதரா பழைய சம்பவத்தைச் சொன்னார். "அது எப்போதோ ஒரு நாள் நடப்பது, அம்மா" என்றார் அவர்.

அப்போது பிள்ளைகள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. பவுனம்மா உள்ளங்கையைக் கல்லின் மேல் வைத்தாள்.

அடுத்த நொடி தரை தூக்கிப் போட்டது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று இன்றுவரை தெரியவில்லை. காலுக்கு அடியில், வெகு ஆழத்தில், யாரோ ஒரு பெரிய கதவை அறைந்து சாத்தியதுபோல் இருந்தது. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது, சிலேட்டுகள் சரிந்தன. பிறகு சுரங்கத்தின் அபாயச் சங்கு ஊத ஆரம்பித்தது. பக்கத்து அறைப் பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். எங்கள் அறைப் பிள்ளைகளுக்குச் சங்கு கேட்காது. அவர்கள் தனலட்சுமியின் முகத்தையே பார்த்தார்கள்.

அந்த முகம் வெளுத்திருந்தது. வாசல் பக்கம் ஓரடி வைத்தவர் திரும்பினார். கரும்பலகையில் ஒரு நீளமான குழியை வரைந்தார், அதில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டை வரைந்தார், அடியில் உடைந்த பாறையை வரைந்தார். வாயாலும் கையாலும் சொன்னார்: "பாறை உடைஞ்சிடுச்சு. கூண்டு கீழ போவுது. அப்பாங்களை ஏத்திக்கினு வரும். எல்லாரும் நல்லா கீறாங்களான்னு எனக்கு இன்னும் தெரியாது."

பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுக்கியது.

"தனம், நீ கிளம்பு" என்றார் யசோதரா. "கிரிஜா இருக்கா."

தனலட்சுமி ஓடினார். கிரிஜா கரும்பலகையின் முன்னால் வந்து நின்றாள். பிள்ளைகளின் பார்வை அப்படியே அவள் மேல் மாறியது. அதிகாரி, "இவர்களை அறையிலேயே வைத்திருங்கள், அதுதான் பாதுகாப்பு" என்றார். கிரிஜா யசோதராவைப் பார்த்தாள்.

"வகுப்பு உன்னுது. நீ சொல்லு" என்றார் யசோதரா.

கிரிஜா ஒரு கணம் யோசித்தாள். "மேடம், இங்க இருந்தா இவங்களுக்கு எந்த சேதியும் வராது. கண்ணால பாத்தாத்தான் சேதி. இட்டுக்கினு போலாம்." பதற்றத்தில் அவள் வீட்டுக் கன்னடமும் வந்தது: "பன்னி, ஹோகோணா."

வாங்க, போகலாம் என்று அர்த்தம். பிள்ளைகள் கைகோத்துக்கொண்டார்கள். முன்னால் கிரிஜா, பின்னால் யசோதரா, நடுவில் நானும் அதிகாரியும் ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.

சுரங்க வாயிலின் கம்பி வேலிக்கு வெளியே நூற்றுக்கணக்கான பெண்கள். கூண்டை இழுக்கும் சக்கரம் மேலே இரைச்சலோடு சுற்றிக்கொண்டிருந்தது. கூண்டு வந்தது. தலை முதல் கால் வரை தூசி அப்பிய ஆட்கள் இறங்கினார்கள். வேலிக்கு உள்ளே யாரோ பெயர்களைக் கத்தினார்கள். இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை. "யாரு? யாரு பேரைச் சொன்னாங்க?" என்று கூட்டம் முன்னால் நெருக்கியது.

அதிகாரி பவுனம்மாவைத் தோளில் தூக்கி வைத்திருந்தார். அவள் திடீரென்று இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினாள். உள்ளே ஒரு மனிதர் நின்று, இவள் பக்கம் திரும்பி, கையால் பேச ஆரம்பித்தார். அவளுடைய அப்பா. வேலிக்கும் அவருக்கும் நடுவே பெரிய மைதானம். குரல் போகாத அந்தத் தூரத்தை அவர் கைகள் சுலபமாகக் கடந்தன. அவள் பார்த்தாள், கிரிஜாவிடம் திரும்பிக் கையால் சொன்னாள், கிரிஜா கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாள்: "அடுத்த கூண்டுல பத்து பேர் வராங்க! ரெண்டு பேருக்குக் கால்ல அடி, உயிருக்கு ஒண்ணும் இல்ல!"

பெண்கள் திரும்பினார்கள். "எங்க வீட்டுக்காரரு? மீசை பெருசா இருக்குமே?" என்று ஒருத்தி கேட்க, கிரிஜா விரலால் மீசையை வரைந்து காட்ட, பவுனம்மா அப்பாவிடம் கேட்டாள். பதில் வந்தது. அடுத்தவள் கேட்டாள். காது கேட்கிற அத்தனை பேரும், காது கேளாத ஒரு சிறுமியின் விரல்களைப் பார்த்தபடி நின்றார்கள். மற்ற பிள்ளைகளும் வேலியில் ஏறி, தங்கள் அப்பாக்களைக் கண்டுபிடித்துக் கேட்க ஆரம்பித்தார்கள். அதிகாரி அசையாமல் நின்றார். சிறுமி விழுந்துவிடக் கூடாதே என்று அவள் கால்களை இறுகப் பிடித்திருந்தார்.

கூட்டத்தின் ஓரத்தில் தனலட்சுமி வேலியைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தார். எதையும் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை. பவுனம்மா அவரைப் பார்த்துவிட்டாள். அப்பாவிடம் ஏதோ கேட்டாள். பதில் வந்ததும் கையை இறக்கிவிட்டு, வாயைத் திறந்தாள். "டீ... ச்சர். மாமா... வ... ரா."

குரல் தட்டையாக, கரகரப்பாக இருந்தது. பக்கத்தில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. தனலட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்று ஒருவர் மட்டும் உயிரோடு மேலே வரவில்லை. அந்தச் செய்தியையும் பிள்ளைகள்தான் முதலில் அறிந்தார்கள். பவுனம்மாவின் அப்பா சொல்லி முடித்ததும் அவள் கூட்டத்துக்கு அதைச் சொல்லவில்லை. கீழே இறங்கி, கிரிஜாவிடம் மட்டும் கையால் காட்டிவிட்டு, அவள் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கிரிஜா இறந்தவருடைய வீட்டுப் பெண்ணைத் தேடிப் போய், அவள் தோளைப் பிடித்து, மெதுவாகச் சொன்னாள்.

மறுநாள் காலை அதிகாரி மறுபடி வந்தார். இரண்டாவது ஆட்கள் இருக்கட்டும், ஆனால் மதியத்துக்கு மேல் அவர்கள் பெரிய வகுப்புகளுக்கு உதவ வேண்டும், அதே கட்டடத்தில் இருந்தால் போதும் என்றார். யசோதரா யோசித்து, "கூப்பிடுற தூரத்துல இருந்தா சரி" என்று ஒப்புக்கொண்டார். ஐம்பது பிள்ளைகளை வைத்துத் திணறும் அந்த ஆசிரியரைப் பற்றியும் அவருக்குக் கவலை இருந்தது. அதிகாரி கிளம்பும்போது கிரிஜாவைக் கூப்பிட்டு, "பயிற்சிக்கு எப்போது போகிறாய்?" என்று கேட்டார்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு: பங்காருபேட்டையிலிருந்து கிளை ரயில் இன்றும் உண்டு, நேரத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். சுரங்கங்களை மூடிவிட்டார்கள். வேலி போட்ட இடங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகாதீர்கள், சயனைட் மேட்டில் படம் எடுக்க ஏறாதீர்கள். காற்றடிக்கும் மாதங்களில் அந்த மண் கண்ணை அறுக்கும். தமிழ் எங்கும் பேசலாம். ஊர்க்காரர்களிடம் தங்கத்தைப் பற்றி விசாரிப்பதைவிட அவர்கள் வேலையைப் பற்றிக் கேளுங்கள், நன்றாகப் பேசுவார்கள்.

இதைப் படிப்பவர்களில் யாராவது சிறப்புப் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்க எண்ணினால், இன்னும் ஒன்று. குடியாத்தம் திரும்பியதும் நிர்வாகம் எனக்கு இரண்டு வாய்ப்புகள் கொடுத்தது: பெங்களூரிலிருந்து, பிள்ளைகள் காதில் மாட்டிக் கேட்க ஒரு நல்ல ஒலிபெருக்கிக் கருவி, அல்லது இன்னொரு ஆளுக்குச் சம்பளம். நான் ஆளைக் கேட்டேன். முத்துலட்சுமி என்ற பெண் வந்து சேர்ந்தாள். முப்பத்தோரு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையும் அந்த வகுப்பு வழக்கம்போல் நடந்தது.