சுண்டாத கம்பியின் சத்தம்

மெத்தைக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு அவருக்குக் கதவைச் சாத்தியது; போனால் போகிறது என்று அவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பஞ்சு மூட்டை சுமந்தவர் இன்று மாடி வைத்த மெத்தைக் கடைக்கு முதலாளி. யார் தயவும் இல்லை, எல்லாம் சொந்தக் கை. அறுபது வயதில் பேஸ் கிட்டார் கற்கப் போகிறேன் என்றபோது ஊரே சிரித்தது. சிரித்த வாயெல்லாம் மூடும்படி மருமகளின் இசைக்குழுவில் இடமும் பிடித்துவிட்டார்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

“மாமா, தப்பா நினைக்காதீங்க,” என்றாள் மருமகள். குழுவில் பாடுபவளும் அவள்தான், எல்லோரையும் கட்டி மேய்ப்பவளும் அவள்தான். “உங்க சத்தம் கொழகொழன்னு இருக்கு. நான் பாடுறது எனக்கே கேக்கல. சனிக்கிழமை கச்சேரிக்குள்ள சரியாகலன்னா வேற ஆளத்தான் கூப்பிடணும்.”

அவர் கையிலா கோளாறு? சாமானில்தான் இருக்கும். கம்பிகளை மாற்றினார், புதுக் கம்பி இன்னும் கூடுதலாக ரீங்கரித்தது. பெரிய ஸ்பீக்கர் வாங்கினார், கொழகொழப்பும் பெரிதானது.

துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “ஏங்க, நீங்க சுண்டுறது மெல்லிசு கம்பியத்தானே? மேல இருக்கிற தடிக்கம்பி எதுக்கு ஆடுது?”

குனிந்து பார்த்தார். தொடாத கம்பி நடுங்கிக்கொண்டிருந்தது.

“அது சும்மா கூட ஆடுது.”

“சும்மா ஆடுனா சத்தம் வராதா? உங்க பேச்சு மாதிரியே இருக்கு. முடிஞ்சுதுன்னு எந்திரிச்சா, பின்னாலயே வருது.”

வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் சண்டைதான். அவர் கடைக்கு ஓடினார். ஸ்பாஞ்சில் ஒரு துண்டை அறுத்துவந்து, கம்பிகள் முடியும் இடத்தில் அடியில் செருகினார். டும். டும். ஒவ்வொரு சத்தமும் அளவெடுத்து நறுக்கியதுபோல் விழுந்தது.

“மூளைன்னா இது!” என்றார்.

ஒத்திகையில் வேகமான பாட்டுக்கு மருமகள் முகம் மலர்ந்தது. அடுத்தது மெதுவான பாட்டு. அவள் குரலை நீட்டும் இடத்தில் பேஸும் கூடவே நீண்டு நிற்க வேண்டும். டும்மென்று விழுந்து செத்தது.

“ஐயோ மாமா, காலுக்குக் கீழ தரையே இல்லாத மாதிரி இருக்கு.”

ஸ்பாஞ்சைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து கடை திறக்கும் முன் மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கையின் ஓரத்தைக் கம்பிமேல் வைத்துப் பார்த்தார். பாரம் கூடினால் சத்தம் செத்தது, குறைந்தால் மறுபடி கொழகொழத்தது. ஆயிரம் மெத்தையை அமுக்கிப் பார்த்த கைக்கு இந்த நாலு கம்பி தண்ணி காட்டியது. வெள்ளிக்கிழமைதான் வழிக்கு வந்தது: வேகப் பாட்டுக்குக் கை ஓரம் பட்டும் படாமலும், மெதுவான பாட்டுக்குக் கையைத் தூக்கிவிட்டு, தடிக்கம்பி ஆடாதபடி கட்டைவிரலை மட்டும் அதன்மேல் சாய்த்துவைக்க வேண்டும்.

கச்சேரியில் மெதுவான பாட்டு வந்தது. கையைத் தூக்கினார். சத்தம் சுத்தமாக எழுந்து நின்றது. அந்தத் தைரியத்தில் மருமகள் ஒத்திகையில் நீட்டாத அளவுக்குக் குரலை நீட்டினாள். அவரும் விடவில்லை. அவள் வாயை மூடிய அதே நொடியில் அவர் கையும் கம்பியில் இறங்கியது. அரங்கமே கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் வயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்:

“யாரோ வேற ஆள் வர்றதாச் சொன்னியே?”

“எந்த ஆள்?” என்றாள் மருமகள். “ஸ்பீக்கர வண்டியில ஏத்துங்க மாமா. அடுத்த கச்சேரிக்குப் புதுப் பாட்டு எடுக்கணும்.”