முட்டையிட்ட நீலத் தும்பி

ஒரு விடுகதை. ஒரே குட்டை, ஒரே இனம். ஆண் ஊசித்தும்பி நீலம் என்றால் பெண் என்ன நிறம்? சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். பத்திரிகையில் சிறுவர் பக்கம் நடத்துவது, பதில் தெரியும் என்று நினைக்கும்போதெல்லாம் மாட்டிக்கொள்ளும் தொழில். பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் எழுதிவிட்டுத் தலைகுனிந்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

சிவப்புப் பேனா

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து, ஐந்தாம் வகுப்பு நிரோஷினி ஒரு படம் அனுப்பியிருந்தாள். நீல ஊசித்தும்பி ஒன்று வாலை வளைத்து, தண்ணீரில் நிற்கும் புல்லில் முட்டையிடுகிறது. பெண் தும்பி நீலமாக இருக்காது என்று அவளுடைய வகுப்பாசிரியரான சேர் சிவப்புப் பேனாவால் எழுதியிருந்தார். நான் சரியென்று சொன்னால் படம் மாத்தளை மாணவர் கண்காட்சிக்குப் போகும். அவர்கள் தோட்டத்திலிருந்து இதுவரை யாருடைய படமும் போனதில்லையாம்.

நான் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். ஆண் நீலம், பெண் பழுப்பு. ‘சேர் சொன்னதே சரி’ என்று பக்கத்தில் போட்டேன். பத்து நாளில் அவளிடமிருந்து கடிதம் வந்தது: “நான் பீலிக்கரையில பார்த்தேன். நீங்க எங்க பார்த்தீங்க?”

குட்டையோரம்

பஸ் ஏறிப் போனேன். மலை ஊற்றிலிருந்து இறங்கும் பீலித் தண்ணீர் வழிந்து தேங்கும் குட்டைக்கு நிரோஷினியும் அவள் அம்மாவும் கூட்டிப்போனார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பழுப்புத் தும்பி வந்து முட்டையிட்டது. புத்தகம் பிழைத்தது என்று நிமிர்ந்தேன். அரை அடி தள்ளி, ஒரு நீலத் தும்பியும் வாலை வளைத்து அதே வேலையைச் செய்தது.

“ஆண் மாதிரியே இருக்கிறதே!” என்றேன். கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த அவள் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “மலையில நாங்களும் ஆம்பள சட்டதான் மாட்டிக்கிட்டு நிக்கிறோம். யாரு எங்கள ஆம்பளன்னு சொன்னா?”

திருத்தம்

விசாரித்ததில் தெரிந்தது: இந்த இனத்தில் பெண்களிலேயே இரண்டு விதம். சில பழுப்பு, சில ஆணைப் போல நீலம். ஓயாமல் துரத்தும் ஆண்களிடமிருந்து தப்ப அந்த நீலம் உதவலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

திருத்தத்தை மூலையில் சிறிதாகப் போடலாம் என்றார்கள் அலுவலகத்தில். முடியாது என்றேன். ‘நான் எழுதியது பிழை, நிரோஷினி வரைந்தது சரி’ என்று பக்கத்தின் தலையிலேயே போட்டேன். பக்கம் வடிவமைக்கும் ரிஸானா சிரித்தாள்: “பூச்சிக்கே இவ்வளவு பெரிய மன்னிப்புன்டா, மனுஷருக்கு எத்தன பக்கம் வேணும் அக்கா?”

பழுப்புப் பென்சில்

சேர் பாடசாலையிலிருந்து தொலைபேசியில் பேசினார். பிழை தன்னுடையது என்று ஒப்புக்கொள்ளவில்லை. “நடுவர்களுக்கு யாரு விளக்கம் சொல்றது? அவ பழுப்பு அடிச்சுத் தரட்டும், நாளைக்கே படத்த அனுப்புறேன்.”

நானே வந்து விளக்குகிறேன் என்றேன். அதெல்லாம் சரிவராது என்றார். பக்கத்தில் நின்ற நிரோஷினியிடம் அவர் கேட்டது எனக்கும் கேட்டது.

“மாத்தளைக்குப் போக வேணாமா புள்ள?”

“போகணும் சேர்.”

கண்காட்சிக்கு வேறொரு பிள்ளையின் படம் போனது. நிரோஷினி நீலத்தை மாற்றவில்லை.