கார்டு வண்டி கடந்த பிறகு

அடுக்குமாடி நீச்சல் குளத்தை வடித்துக் கழுவுகிறார்கள். பாசி வாசனை மூன்றாம் மாடிவரை ஏறி வருகிறது, ஜன்னலைச் சாத்தினேன். ஸ்ரீரங்கத்தில் ரயில் பாதையை ஒட்டியிருந்த குளத்துக்கும் இதே வாசனைதான். அதைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள், நல்லதுதான்.

அங்கேதான் அண்ணன் மூச்சடக்கப் பழகினான். கூட்ஸ் வண்டி வரும்போது முங்குவான். கடைசியிலுள்ள கார்டு வண்டி கடந்ததும் நான் படியில் கூழாங்கல்லால் தட்டுவேன். நீருக்குள் அந்தச் சத்தம் கேட்டு எழுந்துவிடுவான். எனக்கு எட்டு வயது. ஒருநாள் பயந்துபோய் முன்னாலேயே தட்டிவிட்டேன்.

"இனிமே கார்டு வண்டி போறதுக்கு முன்னாடி தட்டினே, உன்னைக் கூட்டிட்டே வர மாட்டேன்" என்றான்.

முங்குமுன் வேகவேகமாக முப்பது தடவை மூச்சிழுத்து விட்டால் திணறலே தெரியாது என்று யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று அப்படியே செய்துவிட்டு முங்கினான். பெட்டிகள் தடதடத்துக்கொண்டு போயின, பிறகு மெதுவாகின, கைகாட்டி இறங்காததால் வண்டி நின்றேவிட்டது. நீரில் குமிழிகள் வந்தன, அவையும் நின்றன. கல்லை ஓங்கியபடி காத்திருந்தேன்.

ஒருவழியாக வண்டி நகர்ந்தது. கார்டு வண்டி கடந்ததும், அண்ணன் சொன்னபடியே தட்டினேன். தட்டிக்கொண்டே இருந்தேன்.