முருகன் பேரைச் சொல்லி ஒரு இழுப்பு

ஒரகடம் கூட்ரோட்டில் தாண்டவராயன் மேஸ்திரியின் ஷெட்டுக்குப் போன லாரி, நாலு பேர் கை படாமல் வெளியே வந்ததில்லை. அது அவராக வைத்த வழக்கம். இன்ஜின் ஹெட்டை மூடி, போல்ட்டையெல்லாம் முறுக்கி முடித்ததும், ஸ்பேனரில் முழ நீளப் பைப்பை மாட்டி நீட்டுவார். ஓனரோ, டிரைவரோ, டீ கொண்டு வந்தவரோ, யார் நின்றாலும் சரி, வல்லக்கோட்டை முருகன் பேரைச் சொல்லி ஆளுக்கு ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். அப்புறம்தான் கற்பூரம். தயங்கி நிற்கிறவரை லேசில் விடமாட்டார். "இன்னாய்யா, சாமிக்கு ஒரு இழுப்பு குடுக்கறதுக்கே கை வலிக்குதா?" என்று கேட்டே மானத்தை வாங்கிவிடுவார்.

முனிரத்தினமும் பக்தியாய் இழுத்தவன்தான். செல்லம்மாளின் ஜல்லி லாரியை ஆறு வருஷமாக ஓட்டுகிறான். தொண்ணூத்தொண்ணு தை மாசம் அந்த வண்டிக்கு, ஹெட்டுக்கு அடியில் தண்ணியும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கிற ஹெட் கேஸ்கெட் போனது. ஆயிலில் தண்ணி கலந்து, வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு நடுரோட்டில் நின்றது. மாற்றினார்கள். மாசியில் மறுபடி. பங்குனியில் மறுபடியும். மூணு தடவையும் மேஸ்திரி ஒரே வார்த்தைதான் சொன்னார்: "தண்ணி பாக்காம ஓட்டிக்கீறான்."

பாவம், அந்த மனுஷன் பல் விளக்குவதற்கு முன்னால் ரேடியேட்டருக்குத்தான் தண்ணி ஊற்றுவான். வண்டி நம்பரைச் சொல்லி வல்லக்கோட்டையில் அர்ச்சனைகூட செய்து பார்த்துவிட்டான். ஆனால் மேஸ்திரி சொல்லுக்கு எதிரே டிரைவர் சொல் எடுபடுமா? செல்லம்மாள் கெட்டவள் இல்லை, மூணு தடவை கையைச் சுட்டுக்கொண்டவள். "இந்தத் தடவை நல்ல ஸ்டட்டா வாங்கிப் போடுங்க மேஸ்திரி. திங்கக்கிழமையிலிருந்து டிரைவரும் வேற ஆளு" என்று முனிரத்தினம் எதிரிலேயே சொல்லிவிட்டாள். வீட்டுக்குப் போய் மனைவி லீலாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதிலேயே அவன் புத்தி நின்றுவிட்டது.

ஹெட்டை மூடுகிற வரைக்குமாவது கூட இருப்போம் என்று, மறுநாள் மேஸ்திரியோடு மெட்ராசுக்கு பஸ் ஏறினான். புதுப்பேட்டையில் பாண்டுரங்கனின் லாரி பார்ட்ஸ் கடை. ஹெட்டை இறுக்கிப் பிடிக்கிற தலையில்லாத போல்ட்டுதான் ஸ்டட்டு; அவர் அதில் மூணு தினுசைக் கல்லாப்பெட்டி மேல் வரிசையாக வைத்தார். முதலாவதைத் தானே ஓரம் தள்ளினார். "இது லேத்துல கடைஞ்சது. இரும்பு கேட்டுக்குப் போடலாம், ஹெட்டுக்கு ஆவாது." இரண்டாவது, சாதாரண கம்பெனி சரக்கு. மூணாவதின் முனையில் 10.9 என்று குத்தியிருந்தது. கெட்டி இரும்பு, விலையும் கெட்டி.

அளவு பார்க்க மேஸ்திரி பைக்குள்ளிருந்து பழைய போல்ட்டை எடுத்துக் கொடுத்தார். பாண்டுரங்கன் அதே அளவில் ஒரு புது போல்ட்டைப் பக்கத்தில் நிறுத்தினார். பழையது ஒரு நெல்மணி அளவு கூடுதல் உயரம். மரைக்கு மேலே கழுத்து இளைத்திருந்தது.

"இது சூட்டுல ஆனது இல்ல மேஸ்திரி. இழுத்து இழுத்து நீண்டுபோய்க்கீது. இப்டி நீண்டா ஹெட்டை எப்டிப் புடிக்கும்? பைப்பு போட்டு இழுக்கறீங்களா?"

மேஸ்திரி பழைய போல்ட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்டி இழுத்தா இந்த 10.9 தாங்கிக்கும். ஆனா இன்ஜின் பிளாக்குல கீற மரை பிச்சிக்கினு வந்துடும், சொல்லிட்டேன்." பாண்டுரங்கன் உள்ளே போய் ஒரு டார்க் ரெஞ்சு கொண்டு வந்தார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவை அதிலே வைத்துவிட்டால், அந்த அளவு வந்ததும் டக்கென்று சத்தம் கொடுக்கும். மேஸ்திரி 10.9 ஸ்டட்டையும் ரெஞ்சையும் வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது பஸ் பூந்தமல்லியைத் தாண்டியது. முனிரத்தினத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இன்னொன்றும் புரிந்தது. மேஸ்திரி கமுக்கமாக இருந்துவிட்டால் வண்டி நன்றாகத்தான் ஓடும். ஸ்டட்டு நல்ல ஸ்டட்டு என்பார்கள், மேஸ்திரி கெட்டிக்காரர் என்பார்கள், மூணு கேஸ்கெட்டை எரித்தவன் என்ற பேர் மட்டும் அவன் தலையில் இருக்கும். நாமே சொல்லிவிடலாமா என்று நினைத்தான். சொன்னால் வேலை போகிற கோபத்தில் பழி போடுகிறான் என்பார்கள். பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஹெட் மூடினார்கள். செல்லம்மாள் வந்திருந்தாள். எதிர் டீக்கடை ராஜம்மாவும் இழுப்புக்குத் தயாராய் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். மேஸ்திரி பைப்பை எடுத்தார். அதை ஸ்பேனரில் மாட்டாமல் குப்பைப் பக்கம் தூக்கிப் போட்டார்.

"ஓனரம்மா, முனிரத்தினம் தண்ணி இல்லாம ஓட்டல. நான்தான் அளவு தெரியாம, ஊர்ல கீறவங்க கையையெல்லாம் வச்சி இழுக்கவுட்டு போல்ட்டைக் கெடுத்துட்டேன். மூணு தடவையும் என் தப்பு. பழியை இவன் மேல போட்டுட்டேன்."

இருபது வருஷமாக அந்த ரோட்டில் எந்த லாரிக்காரனும் அவர் வாயிலிருந்து 'என் தப்பு' என்று கேட்டதில்லை.

"இப்பவாவது சொன்னீங்களே" என்றாள் செல்லம்மாள். கோபம் கோபம்தான், ஆனால் குரல் தணிந்திருந்தது. முனிரத்தினத்தைப் பார்த்தாள். "தம்பி, உன்னை ரொம்பப் பேசிட்டேன். நாளைக்கு லோடு கீது, வந்துடு."

கடைசி நட்டுக்கு மேஸ்திரி டார்க் ரெஞ்சை முனிரத்தினத்திடம்தான் நீட்டினார். அவன் முருகன் பேரைச் சொல்லி இழுத்தான். டக்கென்றது. பழக்கதோஷத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தப் போன கையை மேஸ்திரி பிடித்துக்கொண்டார். "போதும்பா. முருகனுக்கு இவ்ளோ போதும்." பிடித்த கையை அவர் உடனே விடவில்லை.

சித்திரை வெயில் முழுக்க வண்டி ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணி ஆயிலில் கலக்கவில்லை. வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை முனிரத்தினம் வல்லக்கோட்டையில் அர்ச்சனைத் தட்டோடு நின்றான்.

"லாரிக்குத்தானே? நம்பர் ஞாபகமிருக்கு" என்றார் குருக்கள்.

"இல்ல சாமி, ஆளுக்கு. தாண்டவராயன்."

"நட்சத்திரம்?"

அவனுக்குத் தெரியாது. "கேட்டுண்டு வாயேன், ஒரகடத்துக்காரர்தானே" என்றார் குருக்கள்.

"கேட்டா எதுக்குடான்னுவாரு சாமி. சொல்லப் போனா எனக்கு அழுகை வந்துடும். அவரு அன்னிக்கி வாயை மூடிக்கினு இருந்திருந்தா, நான் இன்னிக்கி வேலையில்லாம தெருவுல நின்னிருப்பேன். என் நட்சத்திரத்தையே அவருக்குப் போட்டுக்குங்க. பூரட்டாதி."

குருக்கள் அவனை ஒரு தடவை பார்த்தார். தட்டை வாங்கிக்கொண்டு, தாண்டவராயன், பூரட்டாதி என்று சொல்லியபடி உள்ளே போனார்.