வெற்றுக்கணம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் கணிதம் நடத்தும் கல்லூரியில், அன்று மதியம் விடைத்தாள் கட்டுகளோடு நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். வினாத்தாளும் விடைக்குறிப்பும் நான் தயாரித்தவை. ஒன்றிலிருந்து தொடங்கும் எண்கள் முதல் கணம், இரண்டிலிருந்து தொடங்குபவை இரண்டாவது, இப்படியே முடிவில்லாமல் போகும் கணங்கள். எல்லாவற்றுக்கும் பொதுவான வெட்டு, அதாவது எல்லாக் கணங்களிலும் இருக்கும் எண்கள் எவை? முடிவிலாக் கணம் என்று எழுதியிருந்தேன்.

"சார், இது தப்பு. வெட்டு வெற்றுக்கணம்" என்றார் அந்த வருடம்தான் சேர்ந்திருந்த மகாராஜபுரத்துக்கார ஆசிரியை.

மற்ற இருவரும் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

"பதினாறு வருசமா பாடம் நடத்துதேன். ஒவ்வொரு கணத்துலயும் முடிவில்லாம எண்ணு கெடக்கு. எல்லாம் எங்கம்மா போச்சு?"

"பொதுவா இருக்கிற ஒரு எண்ணச் சொல்லுங்க சார்."

"ஆயிரம்."

"ஆயிரத்தோராவது கணத்துல ஆயிரம் இல்லையே."

"அப்ப ஒரு கோடி."

"ஒரு கோடியே ஒண்ணாவது கணத்துல ஒரு கோடி இல்ல சார்."

"எம்புட்டுப் பெருசா வேணும் உங்களுக்கு?" என்று மேசையைத் தட்டினேன். சிவப்பு மை கவிழ்ந்தது.

அவர் குரலை உயர்த்தவில்லை. "ஒவ்வொண்ணுலயும் இருக்கு. எல்லாத்துலயும் இருக்கிறதுன்னு ஒண்ணுகூட இல்ல."

எழுந்து வந்துவிட்டேன்.

ராஜபாளையம் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். பத்துக் கணங்களை வெட்டினால் முடிவில்லாமல் மிஞ்சுகிறது. ஆயிரம் கணங்களை வெட்டினாலும் அப்படித்தான். அந்தப் பழக்கத்தில், எல்லாவற்றையும் வெட்டினாலும் மிஞ்சும் என்று நம்பியிருக்கிறேன். பதினாறு வருடங்களில் யாரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

மறுநாள் முதல் பஸ்ஸில் போய்க் கட்டைப் பிரித்தேன். சரியாக எழுதியிருந்த ஏழு பேருக்குப் பெருக்கல் குறி போட்டிருந்தேன். ஒரு மாணவி சரியான விடையை அடித்துவிட்டு, நான் வகுப்பில் சொன்னதையே எழுதியிருந்தாள். அந்தத் தாளை மட்டும் வெகுநேரம் திருத்த முடியவில்லை.

அந்த ஆசிரியை வந்ததும், "நீங்க சொன்னதுதாம்மா சரி" என்றேன்.

"நான் தனியா வந்து சொல்லியிருக்கணும் சார்."

"தனியாச் சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. பாதிக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முதல் தாளிலிருந்து திருத்த ஆரம்பித்தார்.