உறக்கத்தில் நெய்த கை

சடுகுடு ஆடப் போய் வலது தோள்பட்டையை நழுவவிட்டுக்கொண்டு வந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவனுக்கு வலது கை போனால் அப்புறம் என்ன மிச்சம்? என் மனைவி ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு எரிச்சல்.

வாலாஜாபாத்தில் ஓர் எலும்பு வைத்தியர் இருந்தார். என்னைத் தரையில் படுக்கவைத்து, அக்குளில் தன் குதிகாலை ஊன்றி, மணிக்கட்டைப் பிடித்து, கிணற்றில் தண்ணீர் சேந்துகிறவர் மாதிரி நிதானமாக இழுத்தார். உள்ளே ஏதோ வழுக்கிப் போய் உட்கார்ந்தது. அப்பாடா! வலி போன சுகத்தில் கண் சொருகியது. முட்டை வெள்ளைக்கரு பூசிய துணியால் கையை மார்போடு சேர்த்துக் கட்டினார்.

"இருவத்தோரு நாளு அசையாம இருக்கணும் நைனா. இன்னொரு தபா நழுவுச்சுன்னா என்னால ஆவாது. தறிய மறந்துட வேண்டியதுதான்."

வீட்டில் எனக்கென்ன வேலை? தின்பதும் படுப்பதும்தான். இந்த வீட்டுத் தறி ஓய்ந்தால் அந்த வீட்டுத் தறி. பகலெல்லாம் அந்தச் சத்தத்தில் மிதந்துகொண்டு கிடந்தேன். கனவில் ஓர் அரக்குச் சேலை நீண்டுகொண்டே போகும். முந்தானை வரவே வராது. எனக்கும் அது வரவேண்டும் என்று தோன்றவில்லை.

பத்தாம் நாள் பார்த்தால் கட்டு தளர்ந்து தொங்குகிறது. மறுபடி வாலாஜாபாத். வைத்தியர் சீறினார்.

"தறில உக்காந்தியா?"

"சத்தியமா இல்லீங்க."

அப்போதுதான் என் மனைவி வாயைத் திறந்தாள். "தூங்கறப்போ கை நெய்யுதுங்க. பக்கத்து வூட்டுத் தறி அடிக்கிற வேகத்துக்கு இதுவும் இழுத்துக்கினே இருக்குது. நானும் புடிச்சிப் புடிச்சிப் பாக்கறேன், நிக்கமாட்டேங்குது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. வைத்தியர் சிரிக்கவில்லை. இறுக்கிக் கட்டிவிட்டு, தறியே இல்லாத ஊருக்குப் போகச் சொன்னார்.

திருமுக்கூடலில் அவளுடைய அக்கா வீடு. பயிர் வைக்கிற குடும்பம். அங்கே போனோம். ஆற்றங்கரை மர நிழலில் பாயைப் போட்டுக் கிடந்தேன். முதல் இரண்டு நாள் அந்த அமைதியில் தூக்கமே பிடிக்கவில்லை. என்ன ஊர் இது என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். அப்புறம் தூங்கினேன். ஆற்று மணல், காற்று, தூரத்தில் ஒரு மாட்டின் மணி. கையும் தூங்கியது.

கட்டைப் பிரித்த அன்று, "தூக்கு பாக்கலாம்" என்றார் வைத்தியர். தூக்கினேன். காது வரைக்கும் வந்தது.

"போ, போயி தறில உக்காரு. சடுகுடு மட்டும் வேணாம் நைனா. இனிமே அந்தப் பக்கமே தலவச்சிப் படுக்கக் கூடாது."

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

"அதான் கை வந்துடுச்சே, இன்னும் ஏன் அழுவறீங்க?" என்று சொல்லிக்கொண்டே என் மனைவியும் அழுதாள். சந்தோஷத்தில்தான் என்று தலையை ஆட்டிவைத்தேன். இனி ஒருநாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சடுகுடு மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்ட முடியாதே என்றுதான் அழுதேன். அவளிடம் அதை இன்றுவரை சொன்னதில்லை.